வீக்கம் வடியும் வரை

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிக்காரர் உட்காருவார். ஜன்னல் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டிக்கொள்வார். தலைக்கு மேலே விளக்கு எரிந்தால் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொள்வார். எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. புத்தக அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில், பட்டப்பகலிலும் மங்கலாக இருக்கும் மூலை. நல்ல சோபா காலியாகக் கிடக்கும். "இருக்கட்டும்ணே, இங்கதான் காத்து வருது" என்பார். அங்கே காற்று வராது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் மனைவி மட்டும் முதலில் அதை நம்பி, மின்விசிறியைப் பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டாள்.

எதிர்வீட்டுக்காரர். நாற்பதைத் தாண்டியவர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதிப்பவர் வேறொருவர். அளவெடுப்பது, பொருத்துவது, வளைந்ததை நிமிர்த்துவது, கழன்ற திருகை முடுக்குவது எல்லாம் இவர். உயரமான, நல்ல தோள்கள் கொண்ட மனிதர். சட்டை கசங்கிப் பார்த்ததில்லை. முகத்தில் மட்டும், இரு கன்னங்களிலும் நெற்றியின் ஓரங்களிலும் தாடை வரைக்கும், பழைய பருக்கள் விட்டுப்போன குழிகள். பெரிய தூறல் விழுந்து ஓய்ந்த மணலைப் போல இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் ஒரு நொடி தயங்கிவிட்டு வேறு எங்கோ பார்ப்பார்கள். அந்த ஒரு நொடி அவருக்கு நன்றாகத் தெரியும். அது முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

அவர் தொழிலில் ஒரு கொடுமை இருக்கிறது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க, வந்தவரை எதிரே உட்காரவைத்து முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோக வேண்டும். "நேரா என் மூக்கப் பாருங்க. கண்ண அசைக்காதீங்க" என்று அவரே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம். ஏனய்யா இந்த வேலைக்கு வந்தீர் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சிரித்தார்.

"கண்ணு சரியில்லாதவங்கதானேண்ணே எங்க கடைக்கு வர்றாங்க? கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுத்தான் என்னப் பாப்பாங்க. அவங்களுக்கு நான் மங்கலாத்தான் தெரிவேன். இத விட நல்ல வேல எனக்கு எங்க கெடைக்கும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு என் கண்ணாடியை மாற்றப் போனபோது கவனித்தேன். புதுக் கண்ணாடியைக் காதில் மாட்டிவிட்ட மறுகணம், மேசைமேல் இருந்த நிலைக்கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவர் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "பாருங்க, எப்டி இருக்கு?" என்று அங்கிருந்து குரல் வந்தது. உலகம் கூர்மையாகத் தெரிய ஆரம்பிக்கும் அந்த முதல் நிமிடத்தில் யார் கண்ணிலும் தான் படக்கூடாது என்பது அவருடைய ஏற்பாடு.

குழந்தைகளிடம் மட்டும் இது பலிக்காது. ஒரு சின்னப் பெண், வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடி போட்டவள், நாற்காலியில் அப்படியே திரும்பி உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தாள். "மாமா, உங்க கன்னத்துல என்ன ஓட்ட?" அவள் அம்மா அவளுடைய கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார். கண்ணாடிக்காரர் பதறவில்லை. "எறும்புக்கு வாடகைக்கு விட்டிருக்கேன் கண்ணு" என்றார். அந்தக் குழந்தை நம்பிச் சிரித்தது. அவர் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

*

பருக்கள் வந்தது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில். "எல்லாருக்கும் வந்துச்சு, எல்லாருக்கும் போச்சு. எனக்கு வந்தது குடித்தனம் வச்சிருச்சு" என்பார். சீழ் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தலையணை உறையில் கறை படியும் அளவுக்கு. அத்தை எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொன்னார். பெரியப்பா உப்புநீர். பக்கத்து வீட்டில் பற்பசை. எல்லாவற்றையும் தேய்த்தார்; எல்லாம் எரிந்தது. மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டதற்கு அவர் அப்பா, "பருவுக்கு எவனாவது டாக்டரப் பாப்பானா? வயசு. தானாப் போகும்" என்று சொல்லிவிட்டார். இவரும் சும்மா இருக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நகங்களாலும் பிதுக்கினார். பரு தானாகத்தான் போனது. குழி தங்கிவிட்டது. வகுப்பில் அவருக்கு வைத்த பெயர் 'சல்லடை'. இன்றைக்கும் பழைய வகுப்புத் தோழர்கள் யாராவது தெருவில் கண்டால் அதே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள், பாசமாக. "என்னடா சல்லட, எப்டி இருக்க?" இவரும் பாசமாகவே பதில் சொல்வார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். இதை அவர் மனைவி சொன்னார்.

மனைவி சீருடைகள் தைக்கும் கூடத்தில் வேலை செய்பவர். சுருக்கமாகப் பேசுவார். கல்யாணத்துக்கு முன் இருவரும் பார்த்துக்கொண்டது ஓர் உறவினர் வீட்டில். அன்று மின்சாரம் இல்லை. அதனால்தான் அவர் சரி என்று சொன்னார் என்பது கணவரின் தீர்மானமான முடிவு. மனைவியிடம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். "கரண்ட் இல்லாட்டி என்னண்ணே, மத்தியானம். நல்லாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னேன். இத்தன வருசமாச் சொல்றேன், இந்த மனுசன் நம்புனாத்தானே."

நம்பவில்லை. அதனால் சிகிச்சைகள் தொடங்கின.

முதலில் களிம்புகள். பிறகு ஓர் அழகு நிலையத்தில் அமிலம் தடவி மேல்தோலை உரித்தார்கள். வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் குழிகள் பத்திரமாக இருந்தன. பிறகு ஊசி உருளை. மரத்துப்போகும் களிம்பைப் பூசி, முள்முள்ளாக ஊசிகள் பதித்த ஒரு சின்ன உருளையைக் கன்னத்தில் உருட்டுவார்கள். புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்க்கும். காயம் ஆறும்போது புதுத்தசை வளர்ந்து குழி மேடேறும் என்பது கணக்கு.

இதில்தான் அவர் மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் ஊசி உருட்டிய மறுநாள் முகம் வீங்கும். வீங்கினால் குழிகள் தெரியாது. சிவந்து, பளபளத்து, கன்னம் இரண்டும் சமதளமாக இருக்கும். அந்த நாட்களில் அவரைப் பார்க்க வேண்டும். படியேறும்போதே சீட்டியடிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்காருவார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போவார். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடியும். வற்றுகிற குளத்தில் பாறைகள் தலை நீட்டுவது மாதிரி, ஒவ்வொரு குழியாகத் திரும்பி வரும். அவர் திரும்பவும் அலமாரிக்குப் பக்கத்து மூலைக்குப் போய்விடுவார்.

"வீங்கியே இருந்துட்டா நல்லாருக்கும்ணே" என்று ஒருமுறை சொன்னார். "தேனீ வளக்கலாமான்னு யோசிக்கறேன்."

தன் குழிகளைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். "மூணு சாதி இருக்குண்ணே. ஊசி குத்தின மாதிரி ஆழமா ஒண்ணு. டப்பா மாதிரி ஓரம் செங்குத்தா ஒண்ணு. அல அலயா மேடும் பள்ளமுமா ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வைத்தியம். ஒண்ணுக்குச் செய்யறது இன்னொண்ணுக்கு ஆகாது. சில பேருக்கு ஒரு சாதிதான் இருக்கும். எனக்கு மூணும் இருக்கு, முழு செட்டு."

*

அவருடைய ஒரே மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கெட்டிக்காரி, கைப்பேசியில் எதையும் செய்துவிடுவாள். அப்பாவின் பிறந்தநாளுக்கு மூவரும் எடுத்துக்கொண்ட படத்தைத் திருத்தி, எல்லா உறவினர்களுக்கும் எங்களுக்கும் அனுப்பிவைத்தாள். படத்தில் அப்பாவின் முகம் முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருந்தது. அன்போடுதான் செய்திருந்தாள். பரிசு என்று நினைத்துச் செய்திருந்தாள்.

அவர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "இத்தன வருசம் டாக்டருங்களால முடியல. எம்பொண்ணு ரெண்டு விரல்ல முடிச்சிட்டா பாத்தீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் படத்தை மூடவில்லை. விரல்களால் தன் முகத்தைப் பெரிதாக்கி, கன்னத்தை மட்டும் திரை முழுக்கக் கொண்டுவந்து, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்டி இருந்திருப்பேன்" என்றார்.

அடுத்த வாரமே ஓர் இடத்துக்குப் போனார். விளம்பரப் பலகையில் மட்டும் பெரிதாக இருந்த இடம் அது. லேசர் என்றார்கள். மாநிறத் தோலுக்கு அந்த ஒளியை எவ்வளவு குறைத்து வைக்க வேண்டும் என்று தெரியாத கை, அல்லது அக்கறைப்படாத கை. வழக்கம்போல முகம் வீங்கியது. வழக்கம்போல அவரும் சீட்டியடித்தார். வீக்கம் வடிந்தபோது இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. குழிகள் அப்படியே இருந்தன. கரிப் பூச்சுக்குள் குழிகள்.

மகள் அழுதாள். தன்னால்தான் என்று அழுதாள். படத்தை எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் அழித்துவிட முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டாள். "பெரியப்பா, உங்ககிட்ட இருக்கறதயாவது அழிச்சிடுங்க." அழித்தேன்.

அதன் பிறகுதான் இப்போதுள்ள மருத்துவரிடம் போனார். தோல் மருத்துவமே படித்த, பொய் சொல்லத் தெரியாத ஒரு பெண்மணி. முதல் நாளே சொல்லிவிட்டாராம்: "மட்டுப்படுத்தலாம். போக்க முடியாது. இத ஒத்துக்கிட்டா வாங்க." இவர் ஒத்துக்கொண்டதாகத் தலையாட்டிவிட்டு வந்தார். தலைதான் ஆடியது.

கறுப்பு மங்குவதற்கே வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு குழிகளில் கை வைத்தார் மருத்துவர். ஆழமான குழிகளுக்குள் பல்குச்சி முனையளவு அமிலத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தார். அலையலையாக இருந்த இடங்களில் தோலுக்கு அடியில் ஊசியைச் செலுத்தி, குழியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்தார். "வலிக்காதுண்ணே, மரத்துப்போக ஊசி போட்டுடுவாங்க. ஆனா சத்தம் கேக்கும். உள்ள யாரோ பழைய துணியக் கிழிக்கற மாதிரி. என் முகத்துக்குள்ளேருந்து. அத மட்டுந்தான் தாங்க முடியல." ஒவ்வொரு முறையும் கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய், யாரோ அடித்துப் போட்டவர் போல வருவார். கடை முதலாளி அந்த நாட்களில் அவரை லென்ஸ் வெட்டும் உள்ளறையிலேயே வைத்துவிடுவார். யாரும் பார்க்க வராத அந்த அறை அவருக்கு விடுமுறை மாதிரி.

*

இதற்கு நடுவில் மகளுக்குப் பதினாலு ஆயிற்று. ஒரு காலையில் அவள் நெற்றியில் சின்னதாக ஒன்று வந்தது. பிறகு கன்னத்தில் இரண்டு.

உலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். ஆனால் கண்ணாடிக்காரர் அன்றிலிருந்து தூங்கியதாகத் தெரியவில்லை. விடிந்ததும் மகளை ஜன்னலோரம் நிறுத்தி, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியோடு முகத்தைப் பார்ப்பார். நேற்று இங்கே இருந்ததா, இது புதுசா, கை வைத்தாயா, உண்மையைச் சொல். தலையணை உறையைத் தினமும் மாற்றச் சொன்னார். எண்ணெய்ப் பண்டங்கள் வீட்டில் நின்றுபோயின. அவள் முடியை முன்னால் விட்டுக்கொண்டால் ஒதுக்கிவிடுவார். அவள் சாப்பிடும்போது, படிக்கும்போது, கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கும்போது, எதிரே உட்கார்ந்து அந்த மூன்று இடங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"விடுங்களேன். எனக்கும்தான் அந்த வயசுல வந்துச்சு, போகலியா?" என்று மனைவி சொன்னால், "உனக்குப் போச்சு" என்பார். 

பெண் சுருங்க ஆரம்பித்தாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தோழியின் அக்கா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றாள். குளியலறைக்குள் போனால் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்காது. அப்பா கதவைத் தட்டுவார். "பாப்பா, பிதுக்காத. பாப்பா, சொல்றது கேக்குதா?"

ஒரு காலையில் அது வெடித்தது. எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. அவர் பூதக்கண்ணாடியோடு கூப்பிட்டிருக்கிறார். அவள் வரவில்லை. அவர் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்திருக்கிறார்.

"பாக்காதீங்கப்பா!"

"ஒரு நிமிசம்மா, அந்த தாடகிட்ட மட்டும்..."

"உங்க மூஞ்சி மாதிரி ஆயிடும்னுதானே பயப்படறீங்க? எனக்கும் அதே பயந்தான். போதுமா?"

 அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் இறங்கிப் போனார். வழக்கம்போல இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்து, "மழ வரும் போலிருக்குண்ணே" என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அன்று அவர் எடுத்த அளவுகள் எல்லாமே தப்பு. அந்தக் கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டவர்கள் தலைவலி, தலைசுற்றல் என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முதலாளி திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். அதுதான் தனக்கு அழுகையை வரவழைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

மூஞ்சி என்று சொன்னதில் அவருக்கு வருத்தம் இல்லை. வேறொன்றுதான் அவரைத் தின்றது. எங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க அப்பா என்னப் பாக்கவே இல்ல. அதனாலதான் இப்டி ஆச்சுன்னு நெனச்சேன். நான் பாத்துப் பாத்து அவளப் பயமுறுத்தி வச்சிருக்கேன். பாத்தாலும் தப்பு, பாக்காட்டியும் தப்புன்னா நான் என்னதாண்ணே செய்யறது?"

 என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். குடிக்காமல் ஆறவைத்துவிட்டுப் போனார்.

அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளாமல் சில நாட்கள் போயின. அவர் அவள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகினார். சாப்பிடும்போது தட்டை மட்டும் பார்த்தார். மனைவிதான் ஒரு முடிவு கட்டினார். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி அந்த டாக்டரம்மாவப் பாத்துட்டு வாங்க. அவங்க சொல்றத ரெண்டு பேரும் கேளுங்க. அதுக்கப்புறம் இந்த வீட்டுல பருன்னு யாராவது வாயத் தெறந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." எனக்கும் மணிக்கட்டில் ஒரு சொறி படர்ந்திருந்தது. துணைக்கு என்னையும் சேர்த்து அனுப்பிவைத்தார்.

*

மருத்துவரின் அறை சின்னது. ஒரு மேசை, ஒரு படுக்கை, சுவரில் தோலின் அடுக்குகளைக் காட்டும் ஒரு படம். என் சொறிக்கு ஒரு களிம்பை எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு விளக்கடியில் உட்காரவைத்தார். முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். கண்ணாடிக்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாதாரணப் பருதாம்மா. ராத்திரி தடவ ஒண்ணு தர்றேன். நகம் மட்டும் படக்கூடாது." பிறகு தாடையை லேசாக உயர்த்தி, விரலை ஓர் இடத்தில் நிறுத்தினார். "இது கிள்ளினதா?"

அவள் தலையாட்டினாள்.

"இது மட்டும் தங்கும்."

கண்ணாடிக்காரர் திரும்பவில்லை. ஆனால் அவருக்கு எந்த இடம் என்று தெரிந்திருந்தது. "அதுக்கு என்ன செய்யலாம் டாக்டர்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்ப ஒண்ணும் செய்யக்கூடாது. கடுகத்தனை இருக்கு. வளரட்டும். பெரியவளானப்புறம் வேணுமா வேண்டாமான்னு அவளே சொல்லட்டும்."

"மத்தது? என் மூஞ்சி மாதிரி..."

"ஆகாதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன். ஆரம்பத்துலயே வந்திருக்கீங்க. உங்கள உங்க வீட்டுல இப்டிக் கூட்டிட்டுப் போயிருந்தா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். இந்த முறை உண்மையாகவே கேட்டுக்கொண்டது போல இருந்தது.

பிறகு அவருடைய முறை. மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று, குழிகளில் கை வைப்பதற்கு முன் எடுத்தது. மற்றது, இன்று உள்ளே வந்ததும் செவிலி எடுத்தது. ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, ஒரே இடது கன்னம். நான் என் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவரும் குனிந்து பார்த்தார். எதையோ தேடுகிறவர் போல இதற்கும் அதற்கும் கண்ணை ஓட்டினார். 

மகள்தான் பேசினாள். பல நாட்களுக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, பரபரப்பாக. "இதுதாம்பா இப்ப எடுத்தது! இங்க பாருங்க, இந்த எடம் நல்லா மேல வந்திருக்கு. இதுவும். நெசமாப்பா, எவ்ளோ வித்தியாசம்!" திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.

மருத்துவர் பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அதுவா டாக்டர்?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"இல்ல" என்றார் மருத்துவர். "அது முன்னால எடுத்தது."

அவள் விரல் திரையிலேயே இருந்தது. எடுக்கத் தெரியாமல் நின்றாள். காது மடல்வரை சிவந்துவிட்டது. அந்த அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணாடிக்காரர்தான் சிரித்தார். "பாத்தீங்களா டாக்டர், எம்பொண்ணுக்குப் பழைய மூஞ்சிதான் புடிச்சிருக்கு. இத்தன பாடுபட்டு நீங்க கெடுத்துட்டீங்க." சிரிப்பு நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது. அவர் இருமிக்கொண்டார்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. அளந்து பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை என்றார். இதற்கு மேல் அறுத்தால் தோல் தாங்காது. நிரப்பும் ஊசி ஒன்று இருக்கிறது. சில மாதங்கள் குழி மேடாக இருக்கும், பிறகு கரைந்துவிடும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். "நான் நிறுத்திக்கலாம்னு சொல்லுவேன். உங்க தோலுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"புதுசா எதாவது வந்தா..."

"வந்தா கூப்பிடறேன்."

அவர் எழுந்து கைகூப்பினார். நாற்காலியை அது முன்பு இருந்த இடத்துக்கே நகர்த்தி வைத்தார். வெளியே காத்திருந்தவர்களில் ஓர் இளைஞன், கன்னம் முழுக்கச் சிவந்த பருக்களோடு, கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்காரர் அவன் முன்னால் ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அந்த இளைஞன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்த அந்த நொடியில் அவன் கண்ணில் வந்த பீதியை நானும் பார்த்தேன். கண்ணாடிக்காரர் படிகளை நோக்கி நடந்தார்.

பேருந்தில் நல்ல கூட்டம். அப்பாவுக்கும் மகளுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. எனக்கு அவர்களுக்குப் பின்னால். வெயிலில் நின்று ஏறியதால் அவருடைய சட்டை தோளில் வியர்த்து ஒட்டியிருந்தது. அவள் மடியில் மருந்துப் பை. பேருந்து கொஞ்ச தூரம் போனது. பிறகு அவள், "சாரிப்பா" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

"தப்பா காட்டிட்டேன்."

"எனக்கே தெரியலம்மா" என்றார். "விடு."

 பேருந்து குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. பல நாள் தூக்கமில்லாத பெண். கண் சொருகியது. ஒரு திருப்பத்தில் தலை சாய்ந்து, கன்னம் அப்பாவின் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்தபடி, குழந்தையாக இருந்தபோது தூங்கியது போலத் தூங்கினாள்.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கும் இடம் நெருங்குகிறது என்று சொல்ல நான் முன்னால் குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவர் தோளை அசைக்காமல், மறு கையால் சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு கைக்குட்டையை எடுத்து, உதறி விரித்து, வியர்த்த சட்டைக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவே, அவள் விழித்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்துக்கொண்டிருந்தார்.